கடலைப் பார்த்த அறைதான் வேண்டுமா?

ஆசிரியருக்கு,

கடற்கரை ஊர்களைப் பற்றி உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் கடலைப் பார்த்த அறையைத்தான் சிபாரிசு செய்கிறீர்கள். நான் அப்படி இரண்டு முறை தங்கிப் பட்டுவிட்டேன். உப்புக்காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கொக்கி, திறக்கப் போனால் கையோடு வந்துவிட்டது, ராத்திரி அலைச் சத்தம் வேறு. இரண்டு தெரு தள்ளி, எதிரெதிரே ஜன்னல் உள்ள அறையாகப் பார்த்தால் பகலில் கடற்காற்றும் வரும், வாடகையும் பெரும்பாலும் குறையும். பணம் கொடுக்கும் முன் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் வேண்டாம்.

சரி, குளிக்கப் போகலாம். அலை உடைகிற இரண்டு இடங்களுக்கு நடுவே தண்ணீர் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரிந்தால் பலரும் அங்கேதான் இறங்குகிறார்கள். பல நேரம் அதுதான் கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் ஓடும் பாதை. மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தித் தெம்பை இழக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும், முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். இதைப் பெட்டிச் செய்தியாகப் போடக்கூடாதா?

அப்புறம், பவளப்பாறைமேல் ஏறி நின்று படம் எடுப்பதை உங்கள் பக்கத்திலேயே பார்த்தேன். அது உயிருள்ளது ஐயா, மிதித்தால் செத்துப்போகும்! பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் நன்றாக உள்வாங்கும்; அப்போது பாறைக் குட்டைகளில் நண்டு பார்த்தபடி நடக்கலாம், ஏறும் நேரத்தை மட்டும் மீனவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள், அது தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்