97 சதவீதம் என்பது எதில் 97 சதவீதம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக ஊடகங்கள் தங்கள் விதிகளை எப்படி நடைமுறைப்படுத்துகின்றன என்பது பற்றிய தங்கள் கட்டுரையில், 2021இல் வெறுப்புப் பேச்சில் 97 சதவீதத்தை ஃபேஸ்புக் தானே கண்டுபிடித்து நீக்கியதாக வந்திருந்தது. எண் சரி. அதற்குத் தந்த பொருள்தான் தவறு.

நீக்கப்பட்ட பதிவுகளில், யாரும் புகார் கொடுப்பதற்கு முன்பே மென்பொருளிடம் சிக்கியவை 97 சதவீதம் என்பதே அதன் பொருள். தளத்தில் இருந்த வெறுப்புப் பேச்சில் எவ்வளவு போயிற்று என்பதை அது சொல்லவே இல்லை. அதே ஆண்டு ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹௌகன் வெளிக்கொண்டுவந்த உள் ஆவணங்களில், அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே 3 முதல் 5 சதவீதத்தின் மீதுதான் நடவடிக்கை எடுக்கப்படுவதாக மதிப்பிட்டிருந்தார்கள். இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். விதிமீறிய பதிவுகள் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீக்கியது 50. அதில் 48 அல்லது 49 மென்பொருள் பிடித்தது. 97 சதவீதம் வந்துவிட்டது, 950 பதிவுகள் அப்படியே கிடக்கின்றன. இன்னொன்றும் உண்டு: பயனர்கள் அனுப்பும் புகார்களைக் கவனிக்காமல் விட்டால் இந்தச் சதவீதம் குறையாது, கூடும்!

2020இல் அந்த நிறுவனம் வெளியிடத் தொடங்கிய பரவல் விகிதம் இதைவிட நேர்மையான அளவு. 10,000 பார்வைகளில் எத்தனை வெறுப்புப் பேச்சின் மீது விழுந்தன என்பது அது. ஆனால் உலகம் முழுவதற்கும் ஒரே சராசரி. குறிவைத்துத் தாக்கப்படும் ஒரு சமூகம் எவ்வளவு பார்க்கிறது, எந்த மொழியில் ஓட்டை பெரிது என்பதெல்லாம் அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடும்.

மொழிதான் பெரிய ஓட்டை. மியான்மரில் பெரும்பாலோர் உலகப் பொது எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடில் எழுதாமல் ஸாவ்ஜி என்ற எழுத்துருவில் எழுதிவந்தார்கள். யுனிகோடுக்குப் பழகிய கருவிகளால் அதைச் சரியாகப் படிக்க முடியவில்லை. பர்மிய மொழி தெரிந்த பரிசீலனையாளர்களும் மிகக் குறைவு. அங்கே வன்முறை தூண்டப்படுவதைத் தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்று 2018 நவம்பரில் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போதும் இதே சிக்கல்தான். ஒரே வசைச்சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், சொற்பட்டியலை நம்பும் வடிகட்டி தோற்கும்.

காணொளிகளில் கதை கொஞ்சம் மேல். ஏற்கெனவே தெரிந்த காணொளியின் டிஜிட்டல் கைரேகையை, அதாவது அதிலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறியீட்டை வைத்து மறுபதிவேற்றத்தைத் தடுக்கலாம். ஆனால் ஓரம் வெட்டினால், திரையிலிருந்து மறுபடி படம்பிடித்தால் கைரேகை மாறிவிடும். 2019இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் நடந்த தாக்குதலின் காணொளியை முதல் 24 மணி நேரத்தில் 15 லட்சம் முறை நீக்கியதாக ஃபேஸ்புக் அறிவித்தது. பதிவேறும்போதே தடுத்தது 12 லட்சம். மீதி மூன்று லட்சம் தளத்துக்குள் வந்த பிறகே நீக்கப்பட்டது.

பிரபலங்களுக்குத் தனி வழி இருந்ததையும் கட்டுரை விட்டுவிட்டது. 'கிராஸ்செக்' பட்டியலில் 2020இல் 58 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்கள் பதிவு விதியை மீறினாலும் மறுபரிசீலனை முடியும்வரை தளத்திலேயே நின்றது. அதற்குச் சராசரியாக ஐந்து நாளுக்கு மேல் ஆகிறது என்று நிறுவனம் அமைத்த மேற்பார்வை வாரியமே 2022 டிசம்பரில் சொன்னது. ஒரு பதிவு பரவித் தீர ஐந்து நாள் தாராளம்.

புகார் கொடுக்கும் வாசகர்களுக்குச் சில விஷயங்கள். முழுக் கணக்கின் மீது புகார் கொடுப்பதைவிட, விதிமீறிய பதிவையோ பின்னூட்டத்தையோ தனியாகச் சுட்டுங்கள். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தடுக்கவோ மறைக்கவோதான் வழி காட்டும், பரிசீலனைக்குப் போகாது. மிரட்டல், வெறுப்பு, ஆள்மாறாட்டம் என்று சரியான வகையைத் தேர்ந்தெடுப்பது அவசியம். அதற்கு முன்பே பதிவின் இணைப்பு, பயனர் பெயர், தேதி, நேரம் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துவிடுங்கள். காட்சிப் பெயரை நொடியில் மாற்றிவிடலாம், ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு: அவற்றைப் படம் எடுக்கவே கூடாது, வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம். இணைப்பை மட்டும் காவல்துறைக்குக் கொடுங்கள். கண்டிப்பதற்காகக்கூட எந்த விதிமீறலையும் பகிராதீர்கள். 'விதிமீறல் இல்லை' என்று பதில் வந்தால் அந்த அறிவிப்பிலேயே மறுபரிசீலனை கேட்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் அதை உரிமையாகவே தந்து, குறைந்தது ஆறு மாத அவகாசமும் கொடுக்கிறது. மற்ற இடங்களில் அது அந்தந்த நாட்டுச் சட்டத்தையோ நிறுவனத்தின் விருப்பத்தையோ பொறுத்தது.

ஃபேஸ்புக்கின் அடுத்த காலாண்டு அறிக்கையைப் பற்றித் தாங்கள் எழுதும்போது, நிறுவனத்திடம் இந்த மூன்றையும் கேட்டு, பதிலையோ பதில் வராததையோ அச்சிடுங்கள்: தமிழில் பரவல் விகிதம் எவ்வளவு, தமிழ் தெரிந்த பரிசீலனையாளர்கள் எத்தனை பேர், தமிழில் வந்த பயனர் புகார்களில் எத்தனையை ஒரு மனிதர் படித்தார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்