கயிறு கட்டக்கூடாது என்று எங்களுக்கு எப்போது சொன்னீர்கள்?

மதிப்புக்குரிய சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் பாம்புக்கடி எவ்வளவு வருகிறது என்று உங்கள் பதிவேடுகளே சொல்லும், அதை நான் விளக்கத் தேவையில்லை. அண்மையில் என் சின்னம்மாவுக்கும் கடித்தது. மம்மல் நேரம், வெங்காயத் தோட்டத்தில் தண்ணி மாறிக்கொண்டு நின்ற இடத்தில், புடையன் (கண்ணாடி விரியன்). சித்தப்பா சாரத்தைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார், பக்கத்து வீட்டு ஆச்சி மிளகைக் கடிக்கக் கொடுத்து உறைக்கிறதா என்று பார்த்தா, இன்னொருவர் கடிவாயைக் கீறிவிடச் சொல்லி பிளேட் தேடினார். நல்லவேளை, பிளேட் அகப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் வைத்தியம் ஒழுங்காக நடந்தது, அதில் எனக்குக் குறை இல்லை. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு சரித்துப் பார்த்தார்கள். உறைந்து நிற்க வேண்டிய இரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். சின்னம்மா தப்பிவிட்டா.

ஆனால் அந்தக் கட்டைக் கண்டதும் அங்கே நின்ற ஒருவர் போட்ட சத்தம் இருக்கிறதே! "ஏன் கட்டினனீங்கள்? கட்டக்கூடாதெண்டு தெரியாதோ? கால் போனால் உங்களாலதான்." அத்தனை நோயாளிகளும் திரும்பிப் பார்க்க, காலில் தோட்டத்துச் செம்மண் காயாமல், மிச்சச் சாரத்துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சித்தப்பா நின்றார். வாய் திறக்கவில்லை. மனுசியைக் காப்பாற்றத்தான் கட்டினார், அவர் கைதான் காலைக் கெடுத்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தும் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டக்கூடாது என்பது சரி. இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் கெடும், கீறினால் உறையாத இரத்தம் நிற்காமல் ஓடும், எல்லாம் சரி. ஆனால் இதைச் சித்தப்பாவுக்கு யார் சொன்னது, எப்போது சொன்னது? அந்தக் காலத்து முதலுதவி வகுப்பில் கட்டச் சொல்லித்தான் படிப்பித்தார்கள். பாடம் மாறினால் மாறிய பாடத்தை ஊருக்கும் வந்து சொல்ல வேண்டாமா?

நான் கேட்பது ஒரே ஒரு தாள். கடித்ததிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று நல்ல தமிழில், வீட்டுக்கு ஒன்று.

"வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்" என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். வருகிறோம் ஐயா. 1990 இற்கு அடித்தால் அம்புலன்ஸ் வருகிறது, நல்ல சேவை. ஆனால் நெடுந்தீவில் இருப்பவர் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரவே கடலில் ஒரு மணித்தியாலம் போகும். அதுவரைக்கும் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? காப்பு, மோதிரம், கொலுசைக் கழற்று, வீங்கினால் பிறகு வராது. காலைத் தடியோடு சேர்த்து இறுக்காமல் வைத்து ஆட்டாமல் கொண்டு வா, நடக்க விடாதே. அஸ்பிரின் கொடுக்காதே. பாம்பைத் துரத்தி இரண்டாவது கடி வாங்காதே. இவ்வளவுதானே, நாலு வரி. நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவரைக் கட்டு விரியன் கடித்தால் நோவே தெரியாமல் இருக்கலாம், விடியக் காலையில் வயிற்றுவலி வந்து கண் இமை சோர்ந்தால் சமிபாட்டுக் கோளாறு என்று சோடா கொடுக்காமல் ஓடி வரவேண்டும் என்பதையும் ஒரு வரி போடுங்கள்.

பாம்பு மட்டும் இல்லை. நாய் கடித்த இடத்தில் சுண்ணாம்பும் கோப்பித்தூளும் அப்பிக்கொண்டு வருபவர்களை நீங்கள் தினமும் காண்கிறீர்கள். 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு ஊசிக்கு வா என்று யாராவது சொன்னால் கழுவமாட்டார்களா? ஓரா மீன் முள்ளுக் குத்தினால் தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் கையை வைக்கலாம், எங்கள் குடாநாட்டுச் சிவப்புத் தேள் கொட்டி வியர்த்துக் கொட்டினால் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. இரண்டும் கொட்டுத்தான், இரண்டுக்கும் ஒரே வைத்தியம் இல்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

டெங்குக் காலத்தில் படலை படலையாக வந்து பூச்சாடித் தட்டையும் சிரட்டையையும் கிளறிப் பார்க்கிறீர்கள், நுளம்புக் குடம்பி கண்டால் வழக்குப் போடுகிறீர்கள். வழக்குப் போட வரத் தெரிந்த வழி தாள் கொடுக்க வரவும் தெரிந்திருக்கும்தானே. ஒரு கட்டடம் திறந்தால் வந்தவர், போனவர், விளக்கேற்றியவர் பெயரெல்லாம் கல்லில் வெட்டுகிறோம். அதில் ஒரு மூலையில் "கயிறு கட்டாதே" என்றும் வெட்டியிருந்தால் சித்தப்பா வாசித்திருப்பார்.

கோபத்தில் கொஞ்சம் கூடிப்போயிற்று, மன்னிக்கவும். விடுதியில் இரவு பகலாக நிற்பவர்களின் களைப்பு எனக்கும் தெரியும். ஆனால் சொல்லித் தராததற்கு ஏச வேண்டாம், சொல்லித் தந்துவிட்டு ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறோம். தயவுசெய்து அந்தத் தாளை எழுதித் தாருங்கள். அச்சுக் காசு இல்லை என்றால் எங்கள் சனசமூக நிலையம் பார்த்துக்கொள்ளும், பெடியள் வீடு வீடாகக் கொடுப்பார்கள். மாரி தொடங்க முன் கிடைத்தால் நல்லது, அதற்குப் பிறகு எல்லோரும் வயலில்தான் நிற்போம்.

இப்படிக்கு,
வலிகாமத்துத் தோட்டக்காரக் குடும்பம் ஒன்றிலிருந்து