கல்லில் என்ன எழுதுவது?

திருச்சி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்ததில் சந்தோஷம். தண்ணீர்த் தொட்டி கழுவுகிற வேலையை இனியாவது பசங்களிடம் விடு. இங்கே எல்லாரும் நலம். பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததில் பகலெல்லாம் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1971 போரில் இறந்த உங்கள் தெருக்காரருக்கு ஊரே சேர்ந்து நினைவுக்கல் வைப்பது நல்ல காரியம். ஆனால் நீ அனுப்பிய வாசகம் எனக்குப் பிடிக்கவில்லை. திறந்து வைப்பவர், முன்னிலை, நன்கொடையாளர்கள் என்று கல் முழுக்க உயிரோடு இருக்கிறவர்கள்தான். செத்தவருக்கு நடுவில் ஒரே வரி. அதிலும் பாதியை 'மாவீரர்', 'தியாகச் செம்மல்' என்கிற பட்டங்கள் பிடித்துக்கொண்டன. எந்தப் படைப்பிரிவு, எந்த இடம், என்ன செய்துகொண்டிருந்தபோது குண்டு பட்டது, எதுவும் இல்லை.

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. 7ஆம் நூற்றாண்டு, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலம். எருமைகளை மீட்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தி என்பவருக்கு வைத்தது. அவர் பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதிவைத்தார்கள். நாய்க்குக்கூடப் பேரும் செய்த வேலையும் போட்ட ஊர் நம்முடையது!

இங்கே கன்டோன்மென்ட்டில் மேஜர் சரவணனின் நினைவிடம் இருப்பது உனக்குத் தெரியும். பீகார் ரெஜிமென்ட், கார்கில் போரில் 1999 மே 29 அன்று பட்டாலிக் மலையில், காயம்பட்டும் பின்வாங்காமல் நின்று இறந்தவர். வயது 26. உடலை மீட்க ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. போர்க்கள வீரத்துக்கான வீர் சக்ரா விருது கொடுத்தார்கள். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் இங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். அந்த ஒரு மாதக் காத்திருப்பைச் சொன்னால் போதும், கேட்கிற சின்னப் பிள்ளைக்கும் போர் என்றால் என்னவென்று புரிந்துவிடும். பட்டங்களை அடுக்கினால் புரியாது.

அதனால் முதலில் உங்கள் தெருக்காரரின் மனைவியைப் போய்ப் பார். விழா மேடையில் சால்வை போடுவதெல்லாம் அப்புறம். அந்த அம்மாவிடம் பழைய தந்தி, ரெஜிமென்ட்டிலிருந்து வந்த கடிதம் ஏதாவது இருக்கும். ஊரில் அவரை எந்தப் பேரால் கூப்பிட்டார்கள் என்றும் கேட்டு, அடைப்புக்குறிக்குள் போடு. டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் 25,000 பேருக்கு மேல் பெயர் பொறித்திருக்கிறார்கள். அங்கே பேரும் பதவியும் எப்படி இருக்கின்றன என்று சரிபார்த்துக்கொள். கல்லில் வெட்டிய பிழையைத் திருத்துவது பெரும்பாடு.

நன்கொடையாளர்கள் கோபித்துக்கொண்டால் பின்பக்கத்தில் போட்டுக்கொடு, ஒன்றும் குடிமுழுகாது. புது வாசகத்தை எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். தேதி முடிவானதும் உடனே தெரியப்படுத்து. ரயிலில் கீழ்ப்படுக்கை கிடைக்க வேண்டுமே.

அன்புடன்,
ராமு