கேமரன் மலைக்குப் போகிற தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

டிசம்பரில் கேமரன் மலைக்குப் போகிறாயாம், அக்கா சொன்னாள். மெல்பர்னிலிருந்து நேரே கோலாலம்பூரில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து நீயே ஓட்டப்போகிறாயாம். என் மகன் மலையில் கார் ஓட்டப்போகிறான் என்று புளோக் முழுக்கச் சொல்லிவிட்டேன். நீ லைசென்ஸ் எடுத்ததே எனக்கு அப்போதுதான் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சரி, மலை ஏற முக்கியமாக இரண்டு வழி. தாப்பா வழி பழையது, வளைந்து வளைந்து வயிற்றைப் புரட்டும். ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாய் வழி அகலம், அதிலேயே ஏறு. ஆனால் லாத்தா இஸ்கந்தர் அருவி தாப்பா வழியில்தான் இருக்கிறது, ரோட்டோரமே விழும். ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் அங்கங்கே பெத்தாய்க் காயும் தேனும் வைத்து விற்பார்கள். பாட்டி இருந்த பக்கமும் அதுதானே. இறங்கும்போது வேண்டுமானால் அப்படி வா. மெதுவாக வா. மழை என்றால் வேண்டவே வேண்டாம், மண் சரியும்.

போ (BOH) தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. அவர்களுடைய சுங்கை பாலாஸ் தோட்டத்தில் எல்லாரும் மலைச்சரிவைப் பார்த்தபடி தேநீர் குடித்துப் படம் எடுப்பார்கள். நீயும் எடு. ஆனால் ஒரு செடிகிட்டப் போய் நுனியைப் பார். இரண்டு இலை, நடுவில் ஊசி மாதிரி சுருண்ட மொட்டு. அதைத்தான் பாட்டி விரல் நுனியால் கிள்ளி முதுகுக் கூடையில் போட்டார். இப்போது கத்தரியும் மெஷினும் வந்துவிட்டன. பேரன் அதே மலையில் காசு கொடுத்துத் தேநீர் குடிக்கிறான் என்றால் பாட்டி சிரித்திருப்பார்.

பிரிஞ்சாங் சிகரம் 2,000 மீட்டருக்கு மேல். அங்கே மேகம் காட்டுக்குள்ளேயே வந்து படிவதால் வேர், கிளை எல்லாம் பாசி மூடியிருக்கும், மரங்கள் குட்டையாக முறுக்கிக்கொண்டு நிற்கும். குடுவைச் செடியை எட்டிப் பார், உள்ளே தண்ணீரில் பூச்சி கிடக்கும். பாதையை விட்டு இறங்காதே. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பேர் பெற்ற ஜிம் தாம்சன் 1967-இல் கேமரன் மலையில்தான் பங்களாவை விட்டு நடக்கப் போனார். அவ்வளவு பேர் தேடினார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. அதனால் தனியாகப் போகாதே. தனியாகப் போகவில்லை என்று அக்கா சொன்னாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலில் உன் பேருக்கு ஒரு அர்ச்சனை செய். கூட வருகிறவர் பேருக்கும் செய்யலாம். நட்சத்திரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சாமி பேருக்கே செய்வார்கள்.

அப்பா நன்றாக இருக்கிறார். உன்னைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. மலேசியாவில் மண்சரிவு என்று பேப்பரில் வந்தால் மட்டும் அந்தப் பக்கத்தை மடித்து என் தலைமாட்டில் வைக்கிறார்.

கோலாலம்பூரிலிருந்து இங்கே சிங்கப்பூருக்கு பஸ் ஐந்தாறு மணி நேரம். உனக்குத் தெரியாததா? லீவு போதாது என்றால் சரி.

வளைவில் ஹாரன் அடி. இரவில் குளிர் 15 டிகிரி வரை இறங்கும். அக்கா அந்த வாரம் வேலை விஷயமாகக் கோலாலம்பூர் போகிறாள், அவளிடம் ஸ்வெட்டர் கொடுத்தனுப்புகிறேன். ஒன்றா, இரண்டா? இரண்டு என்றால் அளவையும் சொல்லிவிடு.

அம்மா