தூங்கும் அழகியை மேடையேற்றும் முன்: கலைவிழா ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும் ஏற்பாட்டுக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை வைத்து, தேவதையின் சாபத்தால் நூற்புக் கதிர் குத்தி நூறு ஆண்டு தூங்கும் இளவரசியின் கதையான ‘தூங்கும் அழகி’யை மேற்கத்திய பாலே நடனமாக மேடையேற்றப் போகிறீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தோம். தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பாலே எதற்கு என்று கேட்பவர்களின் பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. பாலேயும் பரதமும் ஒடிசியும் பயின்று ஆடிய ரம்லி இப்ராஹிம் இந்த நாட்டுக் கலைஞர்தான். ஓர் உடலுக்குள் இவை ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை.

ஆனால் உங்கள் வரைவுத் திட்டத்தில் மூன்று விஷயங்கள் எங்களுக்குக் கவலை தருகின்றன. தொடக்கம் முதல் முடிவு வரை ஒலிபெருக்கியில் ஒருவர் கதை சொல்லிக்கொண்டே இருப்பார் என்பது ஒன்று. ஆண்டு 5, 6 மாணவிகளுக்குக் கால்விரல் நுனியில் நின்று ஆடும் பாயிண்ட் காலணி என்பது இன்னொன்று. செலவில் பெரும்பங்கு உடைக்கும் பின்திரைக்கும் போக, தரைக்கு ஒரு காசும் ஒதுக்காதது மூன்றாவது. முதலாவது கதையைக் கெடுக்கும். மற்ற இரண்டும் பிள்ளைகளின் கால்களைக் கெடுக்கும்.

முதலில் கதை. பாலேயில் கதை சொல்லும் கைக்குறிகள் கொஞ்சம்தான். முகத்தைச் சுற்றிக் கையை வட்டமாகக் கொண்டுபோனால் அழகு. மோதிர விரலைத் தொட்டால் திருமணம். இரண்டு முஷ்டிகளையும் மணிக்கட்டில் குறுக்காக வைத்துக் கீழே இறக்கினால் சாவு. தலைக்கு மேலே கைகளை ஒன்றைச் சுற்றி ஒன்று உருட்டினால் நடனம். ‘நேற்று’ என்பதற்கோ ‘மாமியார்’ என்பதற்கோ குறி கிடையாது. பாலேயில் மாமியார் என்று ஓர் ஆள் இல்லை என்று நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சின் சொன்னதை நடனக்காரர்கள் இன்றும் சொல்லிக்கொள்வது இதனால்தான். மேடைக்கு வந்து நிற்கும் ஒருத்தி மாமியாரா சித்தியா என்பதை உடலால் சொல்ல முடியாது.

இந்தக் கதைக்கும் அந்தப் பேச்சுக்கும் நேர்த் தொடர்பு உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட மூலக் கதையில் இளவரசி கண்விழித்ததோடு கதை முடியவில்லை. பின்பாதி முழுக்க, பேரப்பிள்ளைகளைத் தின்னத் துடிக்கும் ஓர் அரக்கி மாமியாரின் கதை. 1890-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாரின்ஸ்கி அரங்குக்காக இதைப் பாலே ஆக்கியபோது அந்தப் பாதியை அப்படியே வெட்டி, திருமணத்தோடு திரையை இறக்கினார்கள். மூலத்தில் இளவரசிக்குப் பெயர் இல்லை. அவளுடைய மகளின் பெயரான அரோராவை எடுத்துத் தாய்க்கு வைத்தார்கள். உங்கள் வரைவில் அரக்கி மாமியார் மீண்டும் வந்திருக்கிறார். அவருக்காகவே கதைசொல்லி பெரிதும் தேவைப்படுகிறார். அவரை எடுத்துவிட்டால் கதைசொல்லியின் பாதி வேலை போய்விடும்.

மீதிப் பாதிக்கும் இதை 1890-இல் பாலே ஆக்கிய குழுவே வழி காட்டியிருக்கிறது. மூலக் கதையில் சாபமிடும் கிழட்டுத் தேவதை ஒருத்தி. கோபுரத்தில் நூல் நூற்கும் கிழவி வேறொருத்தி, அவள் ஒன்றும் அறியாதவள். பாலேயில் இருவரும் ஒருத்திதான். சாபமிட்ட தேவதை கரபோஸ்தான் மாறுவேடத்தில் வந்து நூற்புக் கதிரை, அதாவது நூல் சுற்றும் கூர்முனைக் குச்சியை, நீட்டுகிறாள். முன்பு பார்த்த முகமே திரும்பி வருவதால் பார்ப்பவர்களுக்கு விளக்கமே வேண்டியதில்லை. அதேபோலச் சாபத்தைக் குறைப்பவள், காட்டை வளரவைப்பவள், இளவரசனை அழைத்து வருபவள் மூவரும் லைலாக் தேவதை ஒருத்திதான். கதாநாயகி தூங்கிக்கொண்டிருக்கும்போது அவளை எப்படி ஆடவைப்பது? லைலாக் தேவதை இளவரசனுக்கு அவளைக் கனவுத் தோற்றமாகக் காட்டுகிறாள், அந்தத் தோற்றம் அவனோடு ஆடுகிறது. கதையைப் பாலே ஆக்குவது என்றால் இதுதான். வார்த்தை செய்த வேலையை ஒரு முகத்திடமோ ஒரு பொருளிடமோ ஒப்படைக்க வேண்டும்.

பொருள் என்றதும் அந்தக் கதிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் நூற்புக் கதிரைப் பார்த்தவர்கள் அபூர்வம். உங்களில் ஒருவர் அதற்குப் பதிலாகப் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டும் கத்தியை வைக்கலாம் என்றாராம். வேண்டாம். கத்தி கையில் இருந்தால் பின்வரிசைக்காரர் கொலை என்றுதான் புரிந்துகொள்வார். இளவரசி தானாக விரும்பி வாங்கும் பொருளாக அது இராது. மாலை கோக்கும் நீள ஊசியை வையுங்கள். கோயில் வாசல் பூக்கடையில் எல்லாரும் பார்த்தது. பிறந்தநாள் பூச்செண்டுக்குள் மறைத்துக் கொடுக்கவும் தோதானது. நிஜ ஊசி மேடையில் தெரியாது. ஓரடி நீள மரக்குச்சியை முனை மழுங்க இழைத்து, வெள்ளி வண்ணம் பூசினால் போதும். சாபமிடும்போது கரபோஸ் கையில் ஒருமுறை, அரசன் ஊரிலுள்ள ஊசிகளையெல்லாம் பறிமுதல் செய்யும்போது ஒருமுறை, பூச்செண்டில் ஒருமுறை என மூன்று தடவை அது கண்ணில் பட வேண்டும். நடுவிலுள்ள காட்சியை நேரமில்லை என்று விட்டுவிட்டால் மூன்றாவது காட்சியில் யாருக்கும் நெஞ்சு பதறாது.

கரபோஸை ஒரு பரத மாணவரிடம் கொடுங்கள், பையனாக இருந்தாலும் சரி. 1890-இல் அந்த வேடத்தைப் போட்டது என்ரிகோ செக்கெட்டி என்ற ஆண் நடனக்காரர். மற்றத் தேவதைகள் தரையை விட்டு எழும்ப, இவர் மட்டும் முழங்கால் மடித்த அரைமண்டியில் இருந்து தரையைத் தட்டும் தட்டடவு போடட்டும், காலில் சலங்கையோடு. ஆனால் இசைக்குழு முழங்கும்போது சலங்கை ஒலித்தால் இரண்டும் குழம்பிவிடும். அவர் நுழையும் முன் இசையை நிறுத்தி, நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) வெறும் சலங்கை மட்டும் கேட்கட்டும்.

இனி இளவரசி தூங்கும் அந்த நூறு ஆண்டுகள். கதைசொல்லி வேண்டும் என்பதற்கு நீங்கள் சொன்ன வலுவான காரணம் இதுதான். இதற்கு இந்த ஊரே ஒரு விடை வைத்திருக்கிறது. இளவரசி தூங்கும்போது சுற்றிலும் பால்மரக் காடு, விழிக்கும்போது செம்பனை (எண்ணெய்ப் பனை). மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி தாத்தாக்களுக்கு அந்த மாற்றத்தை ஒருவரும் விளக்க வேண்டாம். அவர்கள் கண்ணெதிரே நடந்தது அது.

செய்முறை இது. மேடையின் முன்பக்கம் வெள்ளைக் கொசுவலைத் துணியில் ஒரு திரை. அதில் வரிசையாகப் பால்மரங்கள், சாய்ந்த வெட்டுக் கோடு, கீழே பால் பிடிக்கக் கட்டிய மங்கு. பின்னால் செம்பனை வரைந்த திரை. முன்பக்க விளக்கை மேலிருந்து செங்குத்தாக விழவிட்டால் வலை சுவர்போல நிற்கும், பின்னால் ஒன்றும் தெரியாது. முன்விளக்கை மெல்ல இறக்கிப் பின்விளக்கை ஏற்றினால் பால்மரம் கரைந்து செம்பனை எழும். பார்வையாளர் பின்னாலிருந்து நேராக விளக்கடித்தால் ஒளி வலையைத் துளைத்துப் பின்னால் நிற்கும் பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்துவிடும். வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பஞ்சால் ஒற்ற வேண்டும். தடிமனாகப் பூசினால் வலையின் கண் அடைபட்டு, மரம் கரையாமல் கறுப்புத் திட்டாக நிற்கும். அடிவிளிம்பில் ஒரு குழாயைச் செருகித் தைத்து, அந்தக் காட்சிக்கு மின்விசிறிகளை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் காடே அலையடிக்கும். கொசுவலை சட்டென்று தீப்பிடிக்கும் துணி. தீத்தடுப்புக் கரைசல் தெளித்து, விளக்குகளிலிருந்து தள்ளியே தொங்கவிடுங்கள்.

நேரம் 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பெயர்சூட்டும் விழாவுக்கு 12, பிறந்தநாளுக்கு 13, காட்டுக்கு 8, விழிப்புக்கும் திருமணத்துக்கும் 12. நான்கு இளவரசர்கள் கைப்பிடிக்க அரோரா ஒற்றைக் காலில் நிற்கும் புகழ்பெற்ற ரோஜா நடனத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். தேர்ந்த கலைஞர்களே அஞ்சும் இடம் அது. பூ வளைவுகளை ஏந்தி ஆடும் பூவளைவு வால்ட்ஸ் நம் பிள்ளைகளுக்கு நன்றாகப் பொருந்தும். முதல் அரங்கேற்றத்திலேயே நடனப் பள்ளிச் சிறுவர்கள் அதில் ஆடினார்கள். வளைவுக்குப் பிவிசி குழாய் வேண்டாம், வளைத்தால் மடங்கிப்போகும். தோட்டத்துக்குத் தண்ணீர் இழுக்கும் கறுப்புப் பாலிபைப் தானே வளைந்து நிற்கும், எடையும் குறைவு.

இசையைப் பொறுத்தவரை, இந்தப் பாலேவுக்கு இசையமைத்த சைக்கோவ்ஸ்கி 1893-இல் இறந்தார். நம் 1987 பதிப்புரிமைச் சட்டம் படைத்தவர் இறந்தபின் தரும் 50 ஆண்டுக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் நீங்கள் ஒலிக்கவிடப்போகும் பதிவுக்குத் தனி உரிமை உண்டு, அதற்கு அனுமதி வாங்க வேண்டும். நிகழ்ச்சியை இரவு எட்டு மணிக்கு வைப்பது நல்லது. மாலை மழை தகரக் கூரையில் இறங்கினால் லைலாக் தேவதையின் மெல்லிய இசை ஒருவர் காதிலும் விழாது.

இப்போது தரை. எங்களுக்கு மிகவும் முக்கியமானது இதுதான். மண்டப மேடை சிமெண்டு, அதன்மேல் டைல்ஸ். குதித்து இறங்கும் பிள்ளையின் கால் தன் உடல் எடையைப்போலப் பல மடங்கைத் தாங்குகிறது. சிமெண்டு அதில் எதையும் வாங்கிக்கொள்ளாது. எல்லாம் முன்னங்கால் எலும்புக்கும் முழங்காலுக்கும் திரும்பி வரும். ஒத்திகை தொடங்கிச் சில வாரங்களில் “டீச்சர், கால் எலும்பு வலிக்குது” என்று வரிசையாக வருவார்கள்.

ஆடும் இடத்தை 32க்கு 20 அடி என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். எட்டுக்கு நாலு பிளைவுட், 12 மில்லிமீட்டர் கனத்தில், அடுக்குக்கு 20 பலகை. இரண்டு அடுக்குக்கு 40. கீழ் அடுக்கின் அடியில் ஓரடிக்கு ஒன்றாக ஓரங்குல உயர அடர்ந்த ரப்பர் நுரைத் துண்டு, பலகைக்கு 32, மொத்தம் 640. மெத்தைக் கடை நுரையை வாங்காதீர்கள். அது அமுங்கிப் போய் ஓரிடம் பள்ளமும் ஓரிடம் மேடுமாகி, கணுக்கால் பிசகும். மேல் அடுக்கைக் குறுக்குவாட்டில், நீளம் அகலம் இரண்டிலும் இரண்டடித் துண்டிலிருந்து தொடங்கிப் போட்டால் எந்த மூட்டும் கீழ்மூட்டின் மேல் விழாது. அப்போதும் 20 பலகையே போதும். மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் அந்த இடத்தில் தரை மடியும். திருகாணி 20 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், நீளமானது கீழே துருத்தி நிற்கும். தலைகளை உள்ளே புதைத்துப் பட்டி பூசிவிடுங்கள். இப்படிப் போட்டால் மேடை சுமார் ஐந்து சென்டிமீட்டர் உயரும். பக்கப் படியின் கடைசிப் படி மட்டும் உயரமாகிப் பிள்ளைகள் இருட்டில் இடறுவார்கள். அங்கே ஒரு சாய்பலகையும் வெள்ளை ஒட்டுநாடாவும் கட்டாயம்.

மேலே வினைல் விரிப்பு. அதை முதல்நாள் இரவே விரித்துவிட்டு, மறுநாள்தான் நாடா ஒட்ட வேண்டும். சுருளிலிருந்து எடுத்தவுடன் ஒட்டினால் மதிய வெயிலில் தகரக் கூரைக்கடியில் விரிந்து கொப்புளம் போடும். அந்த மண்டபத்தில்தான் கல்யாண விருந்தும் நடக்கிறது. செருப்பில் ஒட்டிய நெய்யும் எண்ணெயும் விரிப்பில் ஏறினால் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். செருப்போடு யாரையும் ஏறவிடாதீர்கள், மாலை போட வரும் பிரமுகர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

பாயிண்ட் காலணி வேண்டவே வேண்டாம். ஆண்டு 6 பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதுதான். பாத எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பல ஆண்டு முறையான பயிற்சி பெற்ற பிள்ளைக்கே அந்த வயதில்தான் ஆசிரியர் அதைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார். சில மாத ஒத்திகையில் அது நடக்காது. அந்தக் காலணி துணியும் அட்டையும் பசையும் சேர்த்துச் செய்தது. நம் ஊர்ப் புழுக்கத்திலும் வியர்வையிலும் சீக்கிரம் இளகிவிடும். இளகிய காலணியில் நிற்கும் பிள்ளை கணுக்காலில் சரிவாள். மென்காலணியே போதும். அந்தப் பணத்தை அப்படியே பிளைவுட்டுக்குத் திருப்புங்கள்.

உடையைப் பற்றி ஒன்றுதான். முன்பாதியினருக்கு அந்தக் காலத்து வேட்டியும் கண்டாங்கிச் சேலையும், இளவரசன் கூட்டத்துக்கு இன்றைய சட்டையும் ஜீன்ஸும் கொடுத்தால் பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கும், தையல் செலவும் மிச்சம். ஆடும் பிள்ளைக்குச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே கட்டித் தைத்துவிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். மேடையை அளந்து, பலகை வெட்டும் வரைபடத்தையும் 45 நிமிடக் காட்சிப் பட்டியலையும் தயாரித்துக் கையில் கொடுக்கிறோம். கூலி வேண்டாம்.

அன்புடன்,
நடன ஆசிரியர்களும் மேடை, ஒளி வேலை செய்பவர்களும்
சுங்கை சிப்புட், பேராக்