"ஒரே குத்துதானே" என்று வாதாடாதே

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள பாப்பாவுக்கு,

டெல்லியில் உன் சீனியர் குறிப்பு எழுதச் சொன்ன கத்திக்குத்து வழக்கைப் படித்தேன். "ஒரே குத்துதான், ஆகவே கொலை இல்லை" என்று ஆரம்பித்திருக்கிறாய். அந்த வரியை அடித்துவிடு. 1958ல் விர்சா சிங் வழக்கிலும் ஒரே காயம்தான், வயிற்றில் ஈட்டி. கொலைக்கான தண்டனைப் பிரிவு 302 அப்படியே நின்றது.

அந்தத் தீர்ப்பில் நீதிபதி விவியன் போஸ் போட்ட வரிசையில்தான் இன்றும் எந்த செஷன்ஸ் கோர்ட்டும் நடக்கிறது. காயம் உண்டா? அதன் தன்மை என்ன? அந்தக் காயத்தையே உண்டாக்க நினைத்தானா, கை தவறியோ வேறிடத்துக்கு ஓங்கியதோ அங்கே பட்டதா? அது இயற்கையான போக்கில் சாவை விளைவிக்கப் போதுமானதா? கடைசிக் கேள்விக்கும் குற்றவாளியின் மனசுக்கும் சம்பந்தமே இல்லை, டாக்டரின் சாட்சியம்தான் பதில். கொல்ல நினைக்கவில்லை என்று மூன்று பக்கம் எழுதினாலும் கொலை வரையறையின் இந்தக் கூறில் அது எடுபடாது. உன் சண்டை மூன்றாவது கேள்வியில் இருக்கிறது.

அதற்குச் சம்பவ இடத்தைப் பார். கத்தி வீட்டிலிருந்து கொண்டுவந்ததா, பக்கத்துக் கடையில் கிடந்ததை எடுத்ததா? முன்பகை உண்டா? இருவரும் கட்டிப் புரண்டபோது குத்து விழுந்ததா, நின்ற ஆளின் நெஞ்சுக்குக் குறிவைத்ததா? விழுந்தபின் மறுபடி குத்த வாய்ப்பிருந்தும் விட்டுவிட்டானா? 2006ல் புலிசெர்லா நாகராஜு வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டியலிட்டது ஏறக்குறைய இவைதான். உயிர்நிலை அல்லாத இடம் என்பதும் தானாகக் காப்பாற்றாது. 1976ல் புன்னய்யா வழக்கில் கை கால்களில்தான் அடி, ஆனால் தடியால் நொறுக்கியது கொலையென்றே தீர்ந்தது.

கொலையைக் குறைந்த குற்றமாக்கும் திடீர்ச் சண்டை விலக்கைக் கேட்கிறாய் என்றால் நான்கும் வேண்டும்: முன்திட்டம் இல்லை, திடீர்ச் சண்டை, கோப வேகம், அநியாய அனுகூலமோ கொடூரமோ இல்லை. யார் முதலில் சீண்டினார் என்பது அங்கே பொருட்டில்லை. கோபமூட்டல் விலக்கு வேறு. இந்த ஊர் நானாவதி வழக்கில் மனைவி தன் காதலைக் கணவனிடம் சொன்னதற்கும் அவன் அந்தக் காதலனைச் சுட்டதற்கும் நடுவே சில மணி நேரம் இருந்தது. தணிய அது போதும் என்று கோர்ட் சொல்லிவிட்டது.

சம்பவத் தேதியைப் பார்த்தாயா? 2024 ஜூலை 1க்கு முந்தையது என்றால் இந்திய தண்டனைச் சட்டம்தான். பிந்தையது என்றால் அதற்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதா: 100, 101 மரணம் விளைவிக்கும் குற்றம், கொலை ஆகியவற்றின் வரையறைகள், 103 கொலைத் தண்டனை, 105 பழைய 304, அதாவது கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றத்துக்கான தண்டனை. ஒரு மாற்றத்தை ஞாபகம் வை. 105ல் எண்ணத்தோடு செய்ததென்றால் ஆயுள் அல்லது 5 முதல் 10 வருடம். பழைய 304ன் பார்ட் 1ல் அந்தக் குறைந்தபட்ச 5 கிடையாது. சாவு நேரலாம் என்ற அறிவு மட்டும் இருந்தால் பொருந்திய பார்ட் 2ல் அபராதத்தோடு தப்புகிற வழியும் இப்போது இல்லை.

இனி பிரேதப் பரிசோதனை அறிக்கை. இதைத்தான் நீ மேலோட்டமாகப் படித்திருக்கிறாய். காயத்தின் நீளம், அகலம், ஆழம், திசை, எந்த விலா இடுக்கு, உள்ளே எந்த உறுப்பு, எல்லாவற்றையும் தாளில் படம் போட்டுப் பார். கத்தி நீளத்தைவிட ஆழம் அதிகம் என்று துள்ளாதே. வயிறு அமுங்கும், சின்னக் கத்தியும் ஆழமாய்ப் போகும்.

குத்துப்பட்டவர் சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்து செப்டிசீமியாவில், அதாவது இரத்தத்தில் தொற்று பரவி, இறந்திருக்கிறார். நல்ல வைத்தியம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டரைச் சொல்லவைக்கப் பார்க்கிறாய், வேண்டாம். வைத்தியத்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாலும் காயம் உண்டாக்கியவனே சாவுக்குக் காரணம் என்று தண்டனைச் சட்டத்தின் 299ன் இரண்டாம் விளக்கமே சொல்கிறது. சிகிச்சைத் தாள்களை வரவழைத்து, முதல் நாள் நிலை என்ன, தொற்று எப்போது வந்தது என்று பார். காயம் தன்னளவில் போதுமானதா என்ற சந்தேகம் அங்கேதான் பிறக்கும்.

டாக்டரின் முதல் விசாரணையில் "சாவை விளைவிக்கப் போதுமானது" என்ற வாக்கியத்தை அரசு வக்கீல் கேட்க மறந்திருந்தால், குறுக்கு விசாரணையில் நீ அதைத் தொடாதே. காயத்தை வைத்து நீதிபதியே முடிவுக்கு வரலாம்தான், ஆனாலும் அவர்கள் விட்ட ஓட்டையை நம் கையால் அடைக்க வேண்டாம். டாக்டர் கூண்டேறும் முன்னால் கேள்விகளை எழுதி அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அம்மா