பங்கு இருக்கிறது, பத்திரம் பறிக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கீழக்கரையில் பத்திரம் எழுதும் கடையொன்றில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 25.3.1989 முதல் தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை என்றிருந்த குறையையும் 2005 மத்தியத் திருத்தம் நீக்கியது. திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. (இந்துக் குடும்பங்களைச் சொல்கிறேன். முஸ்லிம்களுக்கு வேறு சட்டம். அதை அறிந்தவர்கள் எழுதட்டும்.)

ஆனால் நான் அதிகம் அடிப்பது, தன் பங்கை உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தரும் விடுதலைப் பத்திரம்தான். கருவேலங்காடாகக் கிடந்த நிலத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையால் மவுசு வந்ததும், அண்ணன் தம்பிகளுக்கு அக்கா தங்கை ஞாபகம் வருகிறது. "அதான் சீரெல்லாம் செஞ்சாச்சே ஆத்தா, ஒரு கையெழுத்துதானே" என்று அழைத்து வருகிறார்கள். கடல்பாசி எடுத்து ரேகை தேய்ந்த விரலைப் பதிவு அலுவலகத்து ரேகைக் கருவி வாங்க மறுக்கிறது. அந்த அம்மா சேலையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார். ரேகை விழும்வரை எல்லோரும் பொறுமையாக நிற்கிறோம். எழுதிக் கொடுப்பது எத்தனை லட்சம் பெறும் என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை.

உடன்பிறந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, பங்கின் வழிகாட்டி மதிப்பை (அரசு நிர்ணயித்த நில மதிப்பை) பதிவுக்கு முன் அந்தப் பெண்ணிடம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்க்கலாம். அதன்பிறகும் விட்டுக்கொடுத்தால் அவர் இஷ்டம். எங்கள் கடைக்கு வருமானம் குறையும்தான். முதலாளி இதைப் படிக்காமலிருந்தால் சரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கீழக்கரை